வெள்ளெழுத்தும் சிவப்புப் புள்ளியும்: கைத்துப்பாக்கியில் ரெட் டாட், சில ஆண்டு அனுபவம்

வெள்ளெழுத்து வந்தபின் கைத்துப்பாக்கி சுடுபவருக்கு முதலில் மங்குவது இலக்கன்று, கை நீட்டிய தொலைவில், குழலின் முனையில் நிற்கும் முன்குறியே. பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் கண் ஒரே நேரத்தில் தெளிவாகக் காண முடியாது என்பதால், முன்குறியில் பார்வையை நிறுத்தி மற்றவற்றை மங்கலாக விடுவதே காலங்காலமாகக் கற்பிக்கப்படும் முறை. அந்த முன்குறியே கலங்கினால் முறை முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். காரைக்குடியில் வசிக்கும் நான், உரிமம் பெற்ற .22 பிஸ்டலில் ரெட் டாட் (சிவப்பு ஒளிப்புள்ளியைக் கொண்டு குறிபார்க்க உதவும் கருவி) பொருத்தியதற்கு இது ஒன்றே காரணம்.

சிறிய எல்.இ.டி. விளக்கின் ஒளி, சிவப்பைத் திருப்பியனுப்பும் பூச்சு கொண்ட வளைந்த கண்ணாடியில் பட்டு இணைக்கதிராகக் கண்ணை அடைவதால், புள்ளி இலக்கின் மேலேயே இருப்பதாகத் தெரிகிறது. ஆகவே இரு கண்களையும் திறந்து இலக்கை மட்டும் பார்த்தால் போதும். என்னுடையது 3 எம்.ஓ.ஏ. (புள்ளியின் அளவைக் குறிக்கும் கோண அலகு; ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) புள்ளி, 25 மீட்டரில் ஏறத்தாழ 2.2 செ.மீ. அளவை மறைக்கும். 6 எம்.ஓ.ஏ. விரைவில் கண்ணில் படும் என்றாலும், தாள் இலக்குக்கு அது தடித்த புள்ளி.

நான் எதிர்பாராத நன்மை வேறொன்று: விசையை இழுக்கும் கணத்தில் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் புள்ளி ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. உண்மைத் தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, வெடிக்காத பயிற்சித் தோட்டா இட்டு (.22 பிஸ்டலை வெறுமனே சொடுக்கினால் சுடும் ஊசி தோட்டா அறையின் விளிம்பைத் தாக்கிக் கெடுக்கக்கூடும்), வீட்டு வளவிலேயே பழகுகிறேன். தானியங்கி ஒளியமைப்பின் குறையும் அங்கேதான் தெரிந்தது. நிழலான பத்தியில் (தாழ்வாரத்தில்) நின்று, முற்றத்துக்கு அப்பால் வெயில் விழும் வெள்ளைச் சுவரைக் குறிபார்க்கும்போது, உணரி நான் நிற்கும் இடத்தின் வெளிச்சத்தையே அளந்து புள்ளியை மங்கச் செய்கிறது. சுவரின் பளிச்சில் அது கரைந்துபோகிறது. கூரையிட்ட சுடுதளத்திலும் இதே நிலைதான். கையால் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லாத கருவியை நான் வாங்கமாட்டேன்.

நம் செம்மண் தூசி திறந்த அமைப்புள்ள (விளக்குக்கும் கண்ணாடிக்கும் இடையே மூடாத) கருவியின் விளக்கில் படிந்தால் புள்ளி சிதறும். மூடிய அமைப்பு விலை கூடுதல், ஆனால் தகும். கண்ணில் சிதறல் பார்வை (ஆஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்குத் துடைத்த கண்ணாடியிலும் புள்ளி வட்டமாகத் தெரியாது; அவர்கள் வாங்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மின்கலத்தை ஆண்டுக்கொருமுறை மாற்றுகிறேன்.

ஐ.எஸ்.எஸ்.எஃப். (பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) பிஸ்டல் போட்டிகளில் திறந்த குறிகளுக்கு (கண்ணாடியோ ஒளிப்புள்ளியோ இல்லாத முன்குறி, பின்குறி) மட்டுமே அனுமதி உண்டு என்பதால், போட்டிக்குத் தயாராகும் இளையவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.