நூறு அட்டை, இரண்டரை வருஷம்: எழுத்துத் தூண்டல் பெட்டியோடு என் அனுபவம்

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள்: "அந்தப் பெட்டியை இன்னும் வச்சிருக்கியா? நானும் எழுத ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஒண்ணு வாங்கட்டுமா?" ஒரு வார்த்தையில் பதில் போட்டுவிடலாம் என்று "வாங்கு" எனத் தட்டினேன், அழித்தேன். "வேண்டாம்" எனத் தட்டினேன், அதையும் அழித்தேன். சரி, விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பெட்டியைப் பற்றி விளக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அட்டையை உருவ வேண்டும், அதிலிருக்கும் வரியைப் படித்துவிட்டுப் பத்து நிமிஷம் எழுத வேண்டும். இந்தத் தூண்டல் வரிக்கு ஆங்கிலத்தில் ப்ராம்ப்ட் என்று பெயர். ப்ராம்ப்ட் என்றதும் இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவுக்கு நாம் போடும் உத்தரவுதான் நினைவுக்கு வருகிறது. இது அதற்கு நேர் எதிர். உத்தரவு போடுவது பெட்டி, உட்கார்ந்து எழுதுவது நாம்.

அந்தப் பத்து நிமிஷக் கணக்கைப் பெட்டிக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கையை நிறுத்தாதே, திரும்பிப் படிக்காதே, திருத்தாதே என்ற முறையைப் பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973இல் வந்த தன் நூலிலேயே விரிவாகச் சொல்லியிருக்கிறார். எழுத ஒன்றும் தோன்றவில்லையா, ஒன்றும் தோன்றவில்லை என்பதையே எழுது என்பார். என் முதல் நாள் பக்கத்தில் மொத்தம் ஆறு வரி. அதில் மூன்று, "என்ன எழுதுவதென்று தெரியவில்லை." ஆனாலும் ஆறு வரி! அதற்கு முந்தைய வருஷம் முழுக்க நான் எழுதியது, அழகான நோட்டு ஒன்றின் முதல் பக்கத்தில் என் பெயர் மட்டும்தான்.

முதல் மூன்று மாதம் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்து ஆடினேன். அட்டை சுமாராக இருந்தால் எழுத்து சுமாராக இருப்பதில் தப்பில்லை, பழி அட்டைக்குப் போய்விடும். தொடக்க நிலையில் இருக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறில்லை. மோசமாக எழுத ஒரு சாக்கு கிடைத்ததும் பயம் விட்டுப்போனது.

எழுத்து உண்மையில் மாறியது ஒரே ஓர் அட்டையால். எண் 37. "ஒருவர் எதையோ தேடுகிறார். என்னவென்று சொல்லாதே. அவர் மனநிலையையும் சொல்லாதே." முதலில் வழக்கம்போல, "அவர் பதற்றமாகத் தேடினார்" என்று எழுதிவிட்டேன். மனநிலையைச் சொல்லக் கூடாதே! அடித்துவிட்டு, "அதே சட்டைப் பையை மூன்றாவது முறை தடவினார்" என்று எழுதினேன். அடுத்த வரி நான் யோசிக்காமலே வந்தது: "பிறகு, யாரும் பார்க்காதபோது, நான்காவது முறை." அந்த 'யாரும் பார்க்காதபோது' எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது. அந்த ஆளுக்கு ஒரு வெட்கம் வந்துவிட்டது. வெட்கம் வந்ததும் ஆள் வந்துவிட்டார்.

கையைக் கட்டிப் போட்டால்தான் கை வேலை செய்கிறது என்பது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வார்கள், உதடு ஒட்டாமல் இதழகல் பாடச் சொல்வார்கள். பிரான்ஸில் 1960இல் எழுத்தாளர்களும் கணிதக்காரர்களும் சேர்ந்து ஊலிப்போ என்று குழுவே தொடங்கினார்கள், இப்படிப்பட்ட கைவிலங்குகளைப் பூட்டிக்கொண்டு எழுதிப் பார்ப்பதற்காக.

என் கோபம் இங்கேதான் ஆரம்பம். நூறு அட்டையில் 37 மாதிரியானவை எத்தனை என்று எண்ணிவிட்டேன். பதினொன்று. மீதி எண்பத்தொன்பதும் இந்த ரகம்: "இருபது வருஷம் கழித்து ரயில் நிலையத்தில் பழைய நண்பரைச் சந்திக்கிறீர்கள். அவருக்கு உங்களை அடையாளம் தெரியவில்லை." இதில் நான் எழுத என்ன மிச்சம்? கதை அட்டையிலேயே முடிந்துவிட்டது. வாடகை வீட்டில் குடியிருப்பது போல, ஓர் ஆணி அடிக்கக்கூட இடமில்லை. "நீங்கள் ஒரு மரம் என்று கற்பனை செய்யுங்கள்" என்கிற மாதிரி நான்கு அட்டைகளில் வருகிறது. மரம், மேகம், பழைய நாற்காலி, மறுபடி மரம். இரண்டாவது மரம் வந்த அன்று அட்டையைக் கிழித்தே விட்டேன்.

நியாயமாகச் சொன்னால் அந்த எண்பத்தொன்பதாலும் பக்கம் நிரம்பியது. கை பழகியது. ஆனால் ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் பெட்டி கைக்கு எட்டவில்லை. வெறும் நோட்டோடு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம், பழையபடி வெள்ளைத்தாள். நான் சம்பாதித்ததாக நினைத்த தைரியமெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. என் நோட்டில் அதுவரை இருந்த ஒவ்வொரு தொடக்கமும் யாரோ கொடுத்தது. நடுவிலிருந்து எழுதத் தெரிந்தவனுக்கு முதல் வரி வைக்கத் தெரியவில்லை. இதை எந்தப் பெட்டியின் மூடியிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

அப்புறம் செய்தது இதுதான். கதையடிக்கும் அட்டைகளில் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதை விரலால் மறைத்துக்கொள்வேன். பிறகு அதுவும் அலுத்து, சொந்தமாக அட்டை வெட்டினேன். நாளில் கண்ணில் தட்டுப்படுவதைக் குறித்து வைப்பது. "மாடிப்படியில் ஒற்றைச் செருப்பு." "தொலைபேசியில் 'சரி' என்று மட்டும் பதினேழு முறை சொன்னவர்." ஒரு மாதம் கழித்து உருவும்போது, எழுதியது நான்தான் என்பதே மறந்திருக்கும். 'சரி'க்காரரைப் பற்றி ஒன்பது பக்கம் போயிற்று. அதன் முதல் வரியில் அவர் இல்லவே இல்லை, எதிர்முனையில் இருப்பவள்தான் இருக்கிறாள். அது நான் வைத்த வரி.

ஆக, தோழிக்கு என் பதில்: வாங்காதே. பழைய காகிதத்தைக் கத்தரித்தால் போதும், கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். இல்லை, எனக்குப் பெட்டிதான் வேண்டும் என்றால் என்னுடையதை அனுப்பி வைக்கிறேன் என்றும் எழுதினேன்.

நேற்று மூடியைத் துடைத்து, அட்டைகளை அடுக்கினேன். கிழித்த மரம் போக எண்பத்தெட்டு உள்ளே போயிற்று. அந்தப் பதினொன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவள் எண்ணிப் பார்க்க மாட்டாள் என்று நம்புகிறேன். இன்று காலை அதிலிருந்து ஒன்றை உருவினேன்.