ஒட்டு பிசகினால்: சூடு காட்டிப் பிரிப்பதா, அறுத்து ஒட்டுவதா?

நண்பர் ஒருவர் மூன்று மாம்பலகைகளை ஒட்டித் தட்டு செய்ய எடுத்துவைத்திருந்தார். ஒரு ஒட்டு, ஒரு முனையில் வாய் திறந்தே காய்ந்துவிட்டது. அந்தப் பலகை என் மேசைக்கு வந்தபோது முன்னால் மூன்று வழிகள் இருந்தன: இடைவெளியை அடைத்து மறைப்பது, சூடு காட்டிப் பிரிப்பது, ஒட்டுக்கோட்டிலேயே அறுத்து மறுபடி ஒட்டுவது. நான் அறுத்தேன். இன்னொரு பலகை வந்தாலும் அறுக்கத்தான் போகிறேன்.

பசை ஈரமாக இருக்கும்போதே பிசகு கண்ணில் பட்டால் இந்தப் பேச்சே வேண்டாம். பலகைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பைக் கழற்றி, பிரித்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினால் போதும். காய்ந்த பிறகுதான் கேள்வி வருகிறது.

மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைப்பது சுலபம். மயிரிழை இடைவெளிக்குச் சரி. ஆனால் மரவேலைக்கு வழக்கமாகப் போடும் வெள்ளைப் பசை (PVA) காய்கையில் சுருங்கும், இடைவெளியில் அதற்கு வலு கிடையாது. பாலிஷ் ஏறியதும் அந்தக் கோடு தனி நிறத்தில் தெரியும். பலகை மேடு பள்ளமாக மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் கதை வேறு. 20 மி.மீ. பலகையில் 2 மி.மீ. படி விழுந்தால், இருபுறமும் இழைத்து 18 மி.மீ.க்குக் கொண்டுவந்துவிடலாம். ஒட்டைத் தொடவே வேண்டாம்.

சூட்டு வழியைப் பலரும் சொல்வார்கள். வெள்ளைப் பசை வெப்பத்தில் இளகுவது உண்மைதான். ஈரத்துணி போட்டு அயர்ன் பாக்ஸை வைத்து, மெல்லிய பட்டித் தகட்டை நுழைத்தால் ஒட்டு ரப்பர் மாதிரி இழுபட்டுப் பிரியும். வினிகர் ஊற்றினாலும் மெல்ல இளகும். மரம் ஒரு இழைகூட வீணாகாது என்பதுதான் இதன் கவர்ச்சி.

சிக்கல் பிரித்த பிறகு இருக்கிறது. பிரிந்த விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: அங்கங்கே பளபளவென்று ஒரு தோல் தெரியும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்கும். பக்கத்தில் வெறும் மரத்தில் விட்டால் உள்ளே இறங்கிவிடும். தண்ணீர் இறங்காத இடத்தில் புதுப் பசையும் இறங்காது. வெள்ளைப் பசை மரத்தின் நுண்துளைகளுக்குள் புகுந்துதான் பிடிக்கிறது. காய்ந்த தன் மேலேயே அது சரியாக ஒட்டாது. உப்புத்தாள் போட்டால் அந்தத் தோல் சூட்டில் குழைந்து தாளை அடைத்துக்கொள்ளும், துளைக்குள் போனது அப்படியே இருக்கும். போதாததற்கு, நீராவி ஏறிய விளிம்பு வீங்கும், பலகை கோணும். காயவிட்டு மறுபடி நேராக்க வேண்டும். ஆகக் கடைசியில் இழைப்புளியை எடுக்கத்தான் போகிறோம். அப்படியானால் அதை முதலிலேயே எடுத்துவிடலாமே!

அறுப்பதில் அந்தக் கவலையே இல்லை. மெல்லிய ரம்பத்தால் ஒட்டுக்கோட்டின் மேலேயே அறுத்து, இரு விளிம்புகளையும் பசைத்தோல் போகும்வரை இழைத்தால் புது மரம் கிடைக்கும். கைரம்பத்தில் ஏறத்தாழ 2 மி.மீ. அகலம் போகும், மேசை ரம்பத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். தட்டுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பசை தடவும் முன் வெறுமனே சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கீற்று தெரிந்தால் இன்னும் ஒரு சீவல் எடுங்கள். கிளாம்பை இறுக்கி இடைவெளியை மூட நினைக்க வேண்டாம், அந்த இழுவிசை ஒட்டுக்குள்ளேயே தங்கி, பின்னால் வாய் பிளக்கும்.

அறுக்க முடியாத இடங்களும் உண்டு. மூடி ஏற்கெனவே செய்துவிட்ட சின்னப் பெட்டியில் மூலைகளை அறுத்தால் பெட்டி சுருங்கி மூடி பொருந்தாமல் போகும். முக்காலியின் கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் முனை, துளைக்குள் கோணலாகக் காய்ந்திருந்தால், சூடுதான் ஒரே வழி. அங்கேயும் கழுந்தைச் சுரண்டி வெறும் மரம் தெரியவைத்த பிறகே ஒட்டுவேன். சுரண்டியதில் தளர்ந்தால் மெல்லிய மரச்சீவலை ஒட்டிப் பருமனாக்கலாம். பழைய நாற்காலிகளில் வச்சிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை, போட்டிருப்பார்கள். அதற்கு இந்தத் தொல்லையே கிடையாது, சூடும் ஈரமும் பட்டால் இளகும், புது வச்சிரம் பழையதோடு கலந்து பிடித்துக்கொள்ளும். அந்த மாதிரிச் சாமானை அறுக்கவே கூடாது.

எபாக்சி, அதாவது இரண்டு பொருள்களைக் கலந்து போடும் பசை, கொண்டு போட்ட ஒட்டில் என் அனுபவம் குறைவு. ஹீட் கன் காட்டிப் பிரித்த ஒன்றிரண்டு துண்டுகளில் பசை இளகியது, ஆனால் மரம் கருகத் தொடங்கியது, சிலாம்பாகவும் பெயர்ந்தது. பலகை ஒட்டாக இருந்தால் அதையும் அறுக்கத்தான் சொல்வேன்.