பவுடர் கோட்டிங் என்று சொல்லி பட்டி பூசிக் கொடுத்த கதை: பழைய சைக்கிள் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய சைக்கிள் ஃபிரேமை சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாக அடித்துத் துருவை எடுப்பது) பண்ணி, பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியைத் தூவி ஓவனில் சுடுவது) போட்டுத் தருகிறோம் என்று வாட்ஸ்அப் குரூப்களில் பளபளவென்று படம் போடும் ஒரு பட்டறை என்னை நன்றாக ஏமாற்றிவிட்டது. புகார் கொடுத்திருப்பதால் இங்கே பெயர் வேண்டாம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி பக்கம் இந்தப் பைத்தியம் பிடித்த ஆட்கள் இப்போது கூடிவிட்டார்கள். அடுத்த ஆள் மாட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வண்டி, தாத்தா கொழும்பில் கடை வேலை பார்த்தபோது வாங்கி, தலைமன்னாரிலிருந்து கப்பலில் தனுஷ்கோடிக்குக் கொண்டுவந்த ராலே சைக்கிள். இங்கிலாந்தில் நாட்டிங்காமில் செய்தது. பின் சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப், அதன் மேல் 58 என்று பொறித்திருக்கும். ஹப் செய்த வருஷம் அது, 1958. 1964 புயலில் தனுஷ்கோடியே போனது, தங்கச்சிமடத்தில் இருந்ததால் வண்டி தப்பியது. அதன் பிறகு அப்பா அதை மீன் பெட்டி ஏற்றத்தான் வைத்திருந்தார். கேரியரிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி சீட் குழாய் வழியாக இறங்கி, பெடல் அச்சு உட்காரும் கூட்டைச் சுற்றி நன்றாக அரித்துவிட்டது. கடற்கரை ஊர் சைக்கிளில் முதலில் போவது பெரும்பாலும் அந்த இடம்தான்.

பட்டறைக்காரரிடம் எல்லாவற்றையும் எழுத்தில்தான் பேசினேன். சாண்ட் பிளாஸ்டிங், அரித்த இடத்தில் கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்து அடைப்பது, ஜிங்க் பிரைமர், மேலே கரும்பச்சையில் பவுடர் கோட்டிங். மொத்தம் 8,500 ரூபாய், பாதி முன்பணம். கோட்டிங் போடுவதற்கு முன் வெறும் இரும்பைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். “அனுப்பிருவோம் தம்பி” என்றார்.

படம் வந்தது. ஆனால் என் ஃபிரேம் இல்லை. என் வண்டி மாதிரி ராலே ரோட்ஸ்டரில் ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) தலை குழாய் போல உருண்டு, இரண்டு பக்கமும் குமிழ் வைத்து முடியும். படத்தில் இருந்தது சாதாரணத் தட்டைத் தலை. கேட்டதற்கு, “வேற பார்ட்டி படம் மாறி வந்துருச்சு தம்பி, உங்களது ஓவன்ல இருக்கு” என்றார். சரி, ஓவனில் இருப்பதைத் திரும்ப உரிக்கவா சொல்ல முடியும்?

ஃபிரேம் வீட்டுக்கு வந்தபோது சொல்லக்கூடாது, கண்ணாடி மாதிரி இருந்தது. பெடல் கூட்டில் பழைய கப்பை (அச்சைத் தாங்கும் மரை போட்ட கிண்ணம்) திருகப் போனபோதுதான் முதல் சந்தேகம். கப் ஏறவே இல்லை. அந்தக் காலத்து ராலேயில் அங்குலத்துக்கு 26 மரை, பொதுவாகக் கிடைக்கும் இங்கிலீஷ் அளவுக் கப்பில் 24. இவர்கள் மரையைச் ‘சுத்தம்’ பண்ணுகிறேன் என்று 24 மரை வெட்டும் டேப் கருவியை உள்ளே விட்டு ஓட்டியிருக்கிறார்கள். பழைய மரை முக்கால்வாசி மழுங்கிவிட்டது. அறுபது வருஷ உப்பு செய்யாததை ஒரு டேப் செய்துவிட்டது.

அப்புறம் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கியது. வண்டி தாழ்வாரத்தில் சும்மா நின்றதுதான், ஓட்டக்கூட இல்லை. பெடல் கூட்டுக்குப் பின்னால், அடியில், மிளகளவுக்கு ஒரு கொப்புளம் கிளம்பியது. ஆணி முனையால் குத்தினேன். பெயிண்ட் தோல் உரிந்து, உள்ளிருந்து வெளிறிய பொடி உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் ஆணி உள்ளே போய்விட்டது. சுற்றிலும் வீட்டில் கிடந்த ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். மற்ற இடத்தில் சட்டென்று கவ்விய காந்தம் அங்கே பிடிக்காமல் வழுக்கியது. பட்டி. கார் டிங்கரிங்கில் பூசுகிற அதே பட்டி. அதன் கீழே துரு அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஆர்க் வெல்டிங் புள்ளிகள் வைத்து கிரைண்டரில் தேய்த்திருக்கிறார்கள். ராலே குழாய்களை லக்கில் (குழாய்கள் சேரும் இடத்து உறை) பித்தளை வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பித்தளை மேல் ஆர்க் வெல்டிங் வைத்தால் இணைப்பு கெட்டு, எப்போது வேண்டுமானாலும் விரிசல் விடலாம். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் காற்றடிக்கிற நேரத்தில் ஃபிரேம் விட்டுப்போவதை நினைத்துப் பாருங்கள்.

அதோடு முடியவில்லை. பவுடர் கோட்டிங் என்றால் 180 டிகிரி சுமாருக்கு ஓவனில் சுட வேண்டும். சாதாரணப் பட்டி அந்தச் சூட்டுக்குத் தாங்காது. பட்டி நல்லபடியாக இருக்கிறது என்றால் ஓவனே இல்லை என்றுதானே அர்த்தம். தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் சீட் குழாய்க்குள் மறையும் இடத்தில் தேய்த்தேன். துணி பச்சையானது. சாதாரண ஸ்பிரே பெயிண்ட்.

போன் போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தம்பி, உங்க ஊரு உப்புக் காத்துல எதுவுமே நிக்காது. நாங்க என்ன செய்யுறது?”

பாம்பன் பழைய ரயில் பாலம் 1914-இல் திறந்தது. நூறு வருஷத்துக்கு மேல் இதே உப்புக் காற்றில்தான் ரயிலைத் தாங்கியது. ஆள் வைத்து விடாமல் பெயிண்ட் அடித்துப் பார்த்துக்கொண்டார்கள். காற்றின் மேல் பழி போடுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துக்கு வேலை எப்படி நடக்க வேண்டும் என்றால், துருக் குழிக்குள் உப்பு தங்கியிருக்கும். கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டால் மேலே பளிச்சென்று தெரியும், குழிக்குள் உப்பு அப்படியே இருந்து ஈரத்தை இழுக்கும். பிளாஸ்டிங் பண்ணி, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். ஒரு ராத்திரி விட்டாலே மஞ்சள் துரு படிந்துவிடும். குழாயின் உள்பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. சீட் குழாய் வழியாக எண்ணெய் ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றிவிடுங்கள். இதையெல்லாம் கேட்டால் “அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்” என்று சொல்லும் இடத்தில் ஃபிரேமை இறக்காதீர்கள். பிளாஸ்டிங் முடிந்ததும் நேரில் போய் இரும்பைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. படத்தை நம்ப வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசினேன். பிறகு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். சாட், பணம் அனுப்பிய ரசீது, அந்த வேறு ஃபிரேம் படம், காந்தம் வழுக்கும் வீடியோ எல்லாம் சேர்த்திருக்கிறேன்.

அதே பட்டறையில் வேலை செய்து வாங்கியவர்கள் பெடல் கூட்டின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் போடுங்கள். ஃபிரேமைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் மீதிப் பணத்தை இப்போதே அனுப்பிவிடாதீர்கள்.