லேண்ட்க்ரூசர் 79-க்குப் பின்சக்கர ஸ்பேசர்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

2007-இல் 4.5 லிட்டர் வி8 டீசல் எஞ்சினுக்கு இடம் வேண்டி, டொயோட்டா, லேண்ட்க்ரூசர் 79 அடங்கிய 70 வரிசையின் முன்பக்கத்தை அகலமாக்கியது. பின் ஆக்சிலைத் தொடவில்லை. அதனால் பின்சக்கரங்கள் மொத்தம் 95 மி.மீ. குறுகலாக, அதாவது பக்கத்துக்கு 47 மி.மீ. சொச்சம் உள்ளே தள்ளி ஓடுகின்றன. தார்ச்சாலையில் இது உறைக்காது. மணலில் உறைக்கும். முன்சக்கரம் அமுக்கிவிட்ட தடத்தில் பின்சக்கரம் முழுதாக உட்காராமல், உட்புறமாக ஒரு பட்டை புதுமணலை உழுதுகொண்டே வரும். எஞ்சின் திணறும், டீசல் கூடுதலாகக் குடிக்கும்.

பக்கத்துக்கு 50 மி.மீ. ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) வீலுக்கும் இடையில் வைத்து வீலை வெளியே தள்ளும் உலோகத் தட்டு, போட்டதும் அந்த உழவு நின்றுவிடுகிறது. பின்தடம் முன்தடத்தைவிட 5 மி.மீ. கூடும், அதனால் தொல்லை இல்லை.

வாங்கும்போது 5×150 துளை அமைப்பு (150 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளை), 110 மி.மீ. நடுத்துளை, எம்14×1.5 ஸ்டட் (நட்டு ஏறும் மரையாணி; 14 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ. மரை இடைவெளி) மூன்றும் பொருந்த வேண்டும். அடித்து உருவாக்கிய 6061-டி6 ரக அலுமினியம் நல்லது. வார்ப்பு அலுமினியம் வேண்டவே வேண்டாம். ஸ்பேசர் ஹப்பின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும், அதன் வெளி விளிம்பில் வீலும் அப்படியே உட்கார வேண்டும். நட்டுகளை மட்டும் நம்பி நடுவில் நிற்கும் ஸ்பேசர் வேகத்தில் அதிரும்.

பொருத்துவதில் முக்கால்வாசி வேலை சுத்தம் செய்வதுதான். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஆக்சில் கூட்டுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, வீலைக் கழற்றுங்கள். ஹப் முகத்திலுள்ள துருவையும் பெயின்டையும் வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். ஸ்டட் மரையில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. எண்ணெய் பட்ட மரையில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் முறுக்குவிசையை அளக்கும் ஸ்பேனர்) அதே அளவைக் காட்டினாலும் ஸ்டட் அதைவிட அதிகமாக இழுபட்டிருக்கும். ஐந்து நட்டுகளையும் நட்சத்திர வரிசையில், முதலில் பாதி, பிறகு முழு அளவு என இரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஸ்பேசர் நட்டுக்கு அதைத் தயாரித்தவர் சொல்லும் அளவு. வெளியே வீலுக்குரிய அளவு. இரும்பு வீலுக்கான 209 நியூட்டன் மீட்டரை அலாய் வீலில் கொடுத்துவிடாதீர்கள். இம்பாக்ட் கன்னை (நட்டை அடித்துச் சுழற்றும் விசைக் கருவி) நட்டுகளைக் கழற்ற மட்டும் பயன்படுத்துங்கள்.

இனிதான் பலர் தவறவிடும் இடம். ஸ்பேசரை ஹப்போடு பிடித்திருக்கும் நட்டுகள் வீலுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. வெளி நட்டைச் சோதித்தால் உள் நட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் 100 கி.மீ., பிறகு 500, அதன்பின் ஒவ்வொரு 10,000 கி.மீ. சர்வீஸிலும் வீலைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். இடையில் மாட்டிய துருவோ பெயின்டோ நசுங்கினால் பிடிப்பு தளரும். தளர்ந்த ஸ்டட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து வளைந்து களைத்து முறியும். ஒன்று முறிந்திருந்தால் மற்ற நான்கும் ஏற்கெனவே அடிவாங்கியவை, ஐந்தையும் மாற்றுங்கள்.

பின் ஆக்சில் முழு மிதவை வகை என்பதால் சுமையை ஆக்சில் தண்டு தாங்குவதில்லை, ஹப் பேரிங் தாங்குகிறது. டயர் 50 மி.மீ. வெளியே போனதும் அந்த பேரிங்குக்கு நெம்புவிசை கூடுகிறது. சர்வீஸில் டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கை இறுக்கிச் சரிசெய்து புதுக் கிரீஸ் வையுங்கள். முழுப் பாரம் ஏற்றும் வண்டிக்கு இதையே பெரிய குறையாகச் சொல்வோம். சேறும் கல்லும் வெளியே தெறிக்கும், அகல மட்கார்டு விளிம்பு கட்டாயம் தேவை.

ஆஸ்திரேலியாவில் இலகு வாகன மாற்றங்களுக்கான விஎஸ்பி 14 விதித்தொகுப்பு, தொழிற்சாலையிலேயே வராத ஸ்பேசரை அனுமதிப்பதில்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். ஆகவே பண்ணை நிலத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு மட்டும் ஸ்பேசர் போடலாம். பொதுச்சாலையில் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு, செலவு பல மடங்கு ஆனாலும், பொறியாளர் சான்றிதழோடு அகலப்படுத்திய பின் ஆக்சில் கூடு போடுவதே சரி. அதில் பேரிங்கும் டயரோடு சேர்ந்து வெளியே நகர்கிறது. மறைந்திருக்கும் நட்டும் கிடையாது.