வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றும் காட்டும் பிளக் மீட்டர்: ஒரு மதிப்புரை

சுவர் சாக்கெட்டுக்கும் நாம் பயன்படுத்தும் சாதனத்துக்கும் நடுவே செருகிக்கொள்ளும் சிறிய வாட் மீட்டர்கள் இப்போது மின்சாமான் கடைகளில் பல பெயர்களில் கிடைக்கின்றன. நான் வாங்கியது 16 ஆம்பியர் வரை தாங்கும் மூன்று பின் வகை. மின்னழுத்தம், மின்னோட்டம், திறன், திறன் காரணி (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிவரும் தொகையில் எத்தனை பங்கு உண்மையான திறன் என்பது), செலவான யூனிட் ஆகியவற்றைப் பொத்தானை அழுத்த அழுத்த மாற்றிக் காட்டுகிறது. மின்தடையை மட்டும் காட்டுவதில்லை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து அதை நாமே கண்டுகொள்ளலாம் என்பதால் அதை நான் குறையாகக் கருதவில்லை. சாதாரண மல்டிமீட்டரை 230 வோல்ட் இணைப்பில் தொடராகச் சேர்த்து ஆம்பியர் அளப்பது உயிருக்கே ஆபத்தான வேலை. அந்த ஆபத்து இல்லாமல் மின்னோட்டத்தை அறிய முடிவதே இக்கருவியின் முதல் சிறப்பு.

இதன் அருமை தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ராடை இணைத்துப் பார்த்தபோது நன்கு விளங்கியது. ராடின் மீது 1500 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் போடும் முன் 231 வோல்ட் காட்டிய மீட்டர், போட்டதும் 226 வோல்ட்டுக்கு இறங்கி, 6.41 ஆம்பியர், 1448 வாட் என்று நின்றது. 226-ஐ 6.41-ஆல் வகுத்தால் சுமார் 35.3 ஓம். 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் கம்பிச்சுருளுக்கு இருக்க வேண்டிய தடையும் அதுதான். ஆகவே அச்சிட்ட அளவு பொய்யில்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். மாலை நேரத்தில் அழுத்தம் 205 வோல்ட்டுக்குக் குறையும்போது மின்னோட்டமும் 5.81 ஆம்பியராகக் குறைகிறது. திறன் 1190 வாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தால் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவது, திறன் அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால்தான். தண்ணீர் சுடத் தாமதமாகுமே தவிர, செலவாகும் யூனிட் பெரிதாக மாறாது: 15 லிட்டர் நீரை 20 டிகிரி உயர்த்த, வெப்ப இழப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், எந்த அழுத்தத்திலும் சுமார் 0.35 யூனிட் வேண்டும்.

அந்த 5 வோல்ட் இறக்கத்தை யாரும் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. 5-ஐ 6.41-ஆல் வகுத்தால் 0.78 ஓம், தெருக் கம்பியிலிருந்து இந்தச் சாக்கெட் வரை உள்ள வயர்கள், இணைப்புகள் அனைத்தின் தடை அது. அந்தத் தடையில் வீணாகும் திறன் 32 வாட். நீண்ட வயர் முழுவதும் அது பரவியிருந்தால் கவலையில்லை. ஒரே இடத்தில், ஒரு லூஸ் கனெக்‌ஷனில் அத்தனையும் வெப்பமாக மாறினால் பிளாஸ்டிக் உருகும். வேறொரு சாக்கெட்டில் அதே ராடைப் போட்டு இறக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று ஒப்பிட்டால், எங்கே எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இந்த ஒரு பயனுக்காகவே இக்கருவியை ஒவ்வொரு வீட்டுக்கும் பரிந்துரைப்பேன்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும் என்று பள்ளியில் படித்த கணக்கு ராடுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அப்படியே பொருந்துகிறது. மேசை மின்விசிறியில் அது பொருந்தவில்லை. 228 வோல்ட், 0.25 ஆம்பியர் என்றால் பெருக்கத்தொகை 57. மீட்டர் காட்டும் வாட் 52 மட்டுமே. 9 வாட் எல்இடி பல்பில் வேறுபாடு இன்னும் பெரிது: 228 வோல்ட், 0.07 ஆம்பியர், பெருக்கத்தொகை ஏறத்தாழ 16, உண்மையான திறன் 8.9 வாட். திறன் காரணியான 0.56-ஐயும் சேர்த்துப் பெருக்கினால்தான் கணக்கு நேராகிறது. இத்தகைய சாதனங்களில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வரும் எண்ணை மின்தடை என்று எழுதவும் கூடாது. திறன் காரணியைக் காட்டாத மலிவு மீட்டர்களை நான் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

குண்டு பல்பு வைத்திருப்பவர்கள் மற்றொன்றையும் பார்க்கலாம். 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் பல்பின் தடை கணக்குப்படி 529 ஓம். அணைத்து ஆறவைத்து மல்டிமீட்டரில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. டங்ஸ்டன் இழை சூடேறும்போது தடை பலமடங்கு கூடுகிறது. ஆகவே எரியும் நிலையில் அளந்த வோல்ட்டையும் ஆம்பியரையும் கொண்டே கணக்கிட வேண்டும்; அதற்கு இந்த மீட்டர் ஏற்றது.

குறைகளும் உண்டு. மொபைல் சார்ஜரைச் சும்மா செருகி வைத்தால் 0 வாட் என்கிறது; மிகச் சிறிய சுமைகளில் இதை நம்ப இயலாது. சாக்கெட் தரையருகே இருந்தால் திரையைக் குனிந்துதான் படிக்க வேண்டும். மீட்டரின் 16 ஆம்பியர் தாங்குதிறனை நம்பி, மாற்று அடாப்டர் வழியாக 6 ஆம்பியர் சாக்கெட்டில் ராடைச் செருகுவோர் கவனிக்க வேண்டும்: அந்தச் சாக்கெட் 230 வோல்ட்டில் 1380 வாட் வரைதான் தாங்கும், ராடோ அதைத் தாண்டி இழுக்கிறது.