வளவில் ஒரு தமிழ்க் கச்சேரி

காரைக்குடியில் பழைய நகரத்தார் வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக நடத்துபவர்கள், மாலையில் விருந்தினருக்கு வழங்கும் கச்சேரியை, மேடைகளில் அதிகம் இடம்பெறாத தமிழ் வாக்கேயக்காரர்களுக்கே (கீர்த்தனை இயற்றியவர்களுக்கே) முழுதும் ஒதுக்கியிருப்பது மனமாரப் பாராட்டத்தக்கது. தியாகராசருக்கு முன்பே பிறந்த முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோரின் பாடல்கள் இன்றும் பெரும்பாலும் கச்சேரியின் இறுதியில் துக்கடா எனும் சிறு உருப்படிகளாகவே ஒலிக்கின்றன. இங்கோ, மாரிமுத்தாப் பிள்ளையின் கீர்த்தனை ஒன்றை ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகிய கற்பனை விரிவுகள் அனைத்தும் சேர்த்து முதன்மை உருப்படியாக விரித்துப் பாடினார்கள். அந்த மதிப்பு அவருக்கு என்றோ கிடைத்திருக்க வேண்டும். 72 மேளகர்த்தா (தாய்) இராகங்களிலும் தமிழில் கீர்த்தனை இயற்றிய கோடீசுவர ஐயருக்கும், அம்புஜம் கிருஷ்ணாவுக்கும் இடமிருந்தது; பெண் வாக்கேயக்காரர்கள் இன்னும் ஓரிருவரையாவது சேர்த்திருக்கலாம்.

1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்ட அண்ணாமலைச் செட்டியாரின் கானாடுகாத்தான் பக்கத்திலேயே இருக்கும்போது, இம்முயற்சி செட்டிநாட்டுக்கு மிகவும் பொருத்தமானது. ஒலிபெருக்கி வைக்காததால், வளவின் (வீட்டின் நடு முற்றத்தின்) தூண்களுக்கிடையே தம்பூராவின் சுருதிகூடத் தெளிவாகக் கேட்டது. இரவு உணவு சுமார்தான்.

பெருங்குறை ஒன்று உண்டு. கையில் தரும் பாடல் பட்டியலில் இராகமும் தாளமும் இருக்க, இயற்றியவர் பெயர் இல்லை. யாரை முன்னிறுத்தக் கச்சேரி வைக்கிறார்களோ அவர்களின் பெயரையும் ஊரையும் காலத்தையும் அடுத்த முறையேனும் அச்சிட்டுத் தர வேண்டும்.