பிரிட்டனின் கேரர்ஸ் அலவன்ஸ்: 17ஆவது மணி நேரத்தில் ஒரு குழி

மாமியாருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (உடல்நலக் குறைவால் துணை தேவைப்படும் முதியோருக்கு அரசு தரும் பணம்) கிடைக்கிறது, மருமகள் வாரத்துக்கு 35 மணி நேரமாவது அவரைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், பார்த்துக்கொள்பவருக்கு அரசு தரும் கேரர்ஸ் அலவன்ஸ் கேட்கலாம். (ஸ்காட்லாந்தில் திட்டமே வேறு.) ஆன்லைன் படிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூன்று மாதம் பின்தேதியிட்டும் வாங்கலாம். தொகைதான் சப்பை. 2025-26இல் வாரத்துக்கு 83.30 பவுண்டாக இருந்தது, 35ஆல் வகுத்தால் மணிக்கு 2.38.

வேலைக்கும் போகிறவருக்குத்தான் உண்மையான தலைவலி. வரி, நேஷனல் இன்சூரன்ஸ் (அரசு பென்ஷனுக்கும் உதவிகளுக்குமான பிடித்தம்), பென்ஷன் பிடித்தத்தில் பாதி எல்லாம் கழித்து வாரச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. 2025-26இல் அது 196 பவுண்ட். முந்தைய ஆண்டு இது 151தான். அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 12.21க்கு 16 மணி நேரம் நின்றால் 195.36. வரம்பைத் தாண்டினால் தாண்டிய பணத்தை மட்டும் கழிப்பதில்லை, அந்த வாரத்து அலவன்ஸ் முழுதும் போச்சு. யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரருக்கான அரசு உதவி) வாங்காதவர் அந்தக் கூலியில் 17 முதல் 22 மணி நேரம் வரை எவ்வளவு உழைத்தாலும், 16 மணி நேரத்தோடு நிறுத்தியவரைவிடக் கையில் குறைவாகத்தான் நிற்கும். கூடுதல் ஷிஃப்ட் வேண்டாம், சூப்பர்வைசர் வேலை வேண்டாம் என்று ஒதுங்குவது பெரும்பாலும் பெண்கள்தான்.

பிறவியிலேயே உள்ள கோளாறு இது. 1976இல் இன்வாலிட் கேர் அலவன்ஸ் என்று தொடங்கியபோது, கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது. எப்படியும் வீட்டில்தானே கிடப்பார்கள் என்ற நினைப்பு. தாயைப் பார்க்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல்தான் அந்தத் தடை விழுந்தது.

அதிகம் பேர் மாட்டுவது டிசம்பர் ஓவர்டைமிலும் போனஸிலும். பேஸ்லிப் வந்த அன்றே அலவன்ஸ் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். விட்டால் மாதக்கணக்கில் சேர்த்துவைத்து மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள். வரம்பை ஒட்டி நிற்பவர் பென்ஷன் பிடித்தத்தைக் கூட்டலாம், அதில் பாதி கணக்கிலிருந்து கழியும்.

இன்னொன்றையும் படிவம் போடும் முன்பே பாருங்கள். மாமியார் தனியாக இருந்து, பென்ஷன் கிரெடிட்டோடு (வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவி) கடும் ஊனத்துக்கான கூடுதல் தொகை வாங்கினால், உங்களுக்குப் பணம் வரத் தொடங்கியதும் அவருக்கு அது நிற்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகை. உங்களுக்கு வந்தது அவருக்குப் போனது, அவ்வளவுதான்.

வேலையை அடியோடு விட்டவருக்கு வாரா வாரம் சேரும் நேஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட்தான் பெரிய லாபம்; அதுவும் அரசு பென்ஷன் கணக்கில் சேரும். 35 மணி தேறாது, 20 தேறும் என்றால் கேரர்ஸ் கிரெடிட் கேளுங்கள். காசு வராது, அரசு பென்ஷனுக்கான ஆண்டு விட்டுப்போகாது.